"ராஜினாமா செய்துவிடட்டுமா?" – ஒரு குடியிருப்பு சங்கத் தலைவியின் கடிதம்

இந்த வாரம் ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். எழுதியவர் யார், எந்த ஊர் என்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற பெண்மணி. நூற்றுச் சொச்சம் வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார். வேறு யாரும் முன்வராததால் மூன்று மாதம் முன்பு இவரைச் சங்கத் தலைவராக்கினார்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பிளாக்கின் கீழ்த்தளத்தில் கழிவுநீர் பொங்கிவிட்டது. வாட்ச்மேன் ஒப்பந்ததாரருக்கு போன் செய்ய, இரண்டு பேர் வந்தார்கள். செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து ஒருவர் இறங்கினார். கயிறும் இல்லை, முகக்கவசமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட, மேலே நின்றிருந்த மச்சான் அவரைத் தூக்க இறங்கியிருக்கிறார். தீயணைப்பு வீரர்கள் வந்துதான் இருவரையும் எடுத்தார்கள். முதலில் இறங்கியவர் இறந்துவிட்டார். மச்சான் அரசு மருத்துவமனையில் தீவிர சிகிச்சையில் இருக்கிறார். இறந்தவருக்கு மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள்.

கடிதத்தின் நடுவில் இன்னொரு விஷயத்தையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். டேங்கைச் சுத்தம் செய்யப் போன மாதமே இரண்டு கொட்டேஷன் வந்திருந்தன. ஒன்று இயந்திர லாரி. இன்னொன்று 'ஆள் வைத்து', விலை பாதிக்கும் கீழே. கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். இவரும் 'ஓகே' என்று போட்டிருக்கிறார்.

இப்போது கமிட்டியில் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம். வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிடலாம், சிசிடிவி பதிவு தானாக அழியட்டும், வாட்ச்மேன்தானே கூப்பிட்டான், அவனை நிறுத்திவிடலாம், குடும்பத்துக்கு 2 லட்சம் கொடுத்து முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிவிடலாம், நீங்கள் மட்டும் அந்த வீட்டுப் பக்கம் போகாதீர்கள், போனால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வெளிநாட்டிலிருக்கும் மகன், "பேசாம ரிசைன் பண்ணிடும்மா" என்கிறாராம். "மேடம், என்னைக் கைது செய்வார்களா? ராஜினாமா செய்தால் தப்பிக்க முடியுமா? இருநூறு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், தலைமை தாங்கும் குணமே எனக்குக் கிடையாது, நான் என்னதான் செய்ய வேண்டும்?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

சட்டத்தைப் பிறகு பார்க்கலாம். நீங்கள் கேட்ட வரிசையை மட்டும் முதலில் மாற்றிக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் கைது முதலில் வருகிறது, ராஜினாமா அடுத்து, குடியிருப்பில் நடக்கும் கூச்சல் அதற்கடுத்து. மருத்துவமனையில் இருக்கும் அந்த மச்சானைப் பற்றி ஒரே வரிதான். பயத்தில் இருப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள், அதனால் குறை சொல்லவில்லை. ஆனால் நெருக்கடியில் தலைமை தாங்குவதென்றால், என் அனுபவத்தில், பெரும்பகுதி இந்த வரிசையைச் சரியாக வைப்பதுதான். உயிருக்குப் போராடுகிறவர் முதலில். அப்புறம் இறந்தவரின் குடும்பம். அப்புறம் நடந்த உண்மை பத்திரமாக இருக்கிறதா என்பது. அப்புறம் குடியிருப்பு மக்கள். கடைசியில் நீங்கள். இப்படி வைத்தால் உங்கள் சட்ட ஆபத்து கூடும் என்று கமிட்டி நினைக்கிறது. அது தவறு, பெரும்பாலும் குறையத்தான் செய்யும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கம்பீரமான குரலும், பதற்றமே தெரியாத முகமும், எல்லாக் கேள்விக்கும் உடனே பதிலும் இருந்தால்தான் தலைவர் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். உங்களுக்குக் கை நடுங்கலாம், தப்பில்லை. இன்று மதியத்துக்குள் மருத்துவமனைக்கு யார் போகிறார்கள், சிசிடிவி பதிவை யார் நகல் எடுக்கிறார்கள், வாட்ச்மேனோடு யார் இருக்கிறார்கள் என்ற மூன்றுக்கும் உங்களிடம் பெயர் இருந்தால் தலைமை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"ஒப்பந்ததாரர் ஆள்தானே, நமக்கென்ன?"

உங்கள் கமிட்டி முழுக்க நம்பிக்கொண்டிருக்கும் இந்த வாதம் நிற்காது. கையால் மலம் அள்ளும் தொழிலுக்குத் தடையும் மறுவாழ்வும் தரும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக்கூடாது என்கிறது. 'மறைமுகமாகவோ' என்பது உங்களைப் போன்ற சங்கங்களையும் தொடும். பாதுகாப்புக் கருவி தராமல், பாதுகாப்பு முறைகளைக் கடைப்பிடிக்காமல் ஆளை இறக்குவதுதான் ஆபத்தான சுத்தம். முதல் தடவைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி நடந்தால் 5 ஆண்டு, 5 லட்சம். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விடமுடியாத வகைக் குற்றம் இது. குற்றம் ஒரு அமைப்பின் பெயரில் நடந்திருந்தால், பொறுப்பிலிருந்தவர்களின் சம்மதம் இருந்ததா என்று அந்தச் சட்டம் பார்க்கும். உங்கள் 'ஓகே' முக்கியமாவது இங்கேதான்.

இதோடு கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்று, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவும் சேரும், அதற்கு 5 ஆண்டு வரை. இறந்தவர் பட்டியலினத்தவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் போலீஸ் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் முன்ஜாமீன் கிடைப்பது கடினம், முகாந்திரமே இல்லை என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால் ஒழிய. இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. 2 லட்சத்தில் முடிந்துவிடும் என்று உங்களுக்குச் சொல்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்றே தெரியவில்லை, உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஒப்பந்ததாரருக்குப் பொறுப்பு உண்டா? நிச்சயம் உண்டு, உங்களைவிட அதிகமாகவே இருக்கலாம். அதை நீதிமன்றம் பங்கு பிரிக்கட்டும். இப்போதே வாசலில் நின்று "அவர்தான் பொறுப்பு" என்று நீங்கள் சொன்னால், அவர் அடுத்த நாளே அந்த இரண்டு கொட்டேஷன்களையும் எடுத்துக் காட்டுவார்.

அந்த 'ஓகே' பற்றி மனசுக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. "வழக்கமா எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், செய்கிறார்கள். தேசியத் துப்புரவுத் தொழிலாளர் ஆணையத்தின் கணக்கில், 1993க்குப் பிறகு சாக்கடை, செப்டிக் டேங்க் சாவுகள் அதிகம் பதிவான மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. எல்லாரும் அப்படிச் செய்வதால்தான் இருக்கிறது. அந்த மலிவான கொட்டேஷனில் எது குறைந்ததால் விலை குறைந்தது என்று கமிட்டியில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர். உங்கள் வழக்கறிஞரிடம் இதை ஒரு சொல் விடாமல் சொல்லுங்கள்.

வழக்கறிஞர் என்றதும் ஒன்று. சங்கத்துக்காக ஏற்பாடு செய்திருப்பதாக நீங்கள் எழுதிய அந்த வழக்கறிஞர் சங்கத்தின் வழக்கறிஞர். உங்கள் நலனும் சங்கத்தின் நலனும் இன்றைக்கு ஒன்றாகத் தெரியலாம், நாளைக்குப் பிரியலாம். பொருளாளர், செயலாளர், நீங்கள், ஒவ்வொருவரும் தனித்தனியே ஆலோசனை பெறுவது நல்லது. முன்ஜாமீன் மனு போடலாமா, எப்போது, எங்கே என்பதை முதல் தகவல் அறிக்கையைப் பார்த்துவிட்டு உங்கள் வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக்கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்பது 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன நடைமுறை. நோட்டீஸ் வந்தால் போங்கள், ஒத்துழையுங்கள், ஊரைவிட்டுப் போகாதீர்கள். பெண் என்பதால் அசாதாரணமான சூழல் இல்லாமல் சூரியன் மறைந்த பிறகு உங்களைக் கைது செய்யக்கூடாது. கைது நடக்கவே நடக்காது என்று என்னால் சொல்ல முடியாது, யார் அப்படிச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எதையும் அழிக்காதீர்கள்

இன்றே செய்ய வேண்டியது இது. வாட்ஸ்அப் குழு அப்படியே இருக்கட்டும், யாரும் வெளியேற வேண்டாம், எந்தச் செய்தியையும் நீக்க வேண்டாம். சிசிடிவி பெட்டிகள் பொதுவாகச் சில வாரங்களில் பழையதன் மேலேயே புதிதைப் பதிவு செய்துவிடும். ஞாயிறு காலைப் பதிவை இரண்டு நகல் எடுங்கள், ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்து எழுத்தில் ரசீது வாங்குங்கள். கேட் வருகைப் பதிவேடு, இரண்டு கொட்டேஷன்கள், ஒப்பந்தம், வவுச்சர், கமிட்டி மினிட்ஸ் எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரு ஃபைலில் போடுங்கள். முன்தேதியிட்டுப் புதிதாக ஒரு மினிட்ஸ் எழுதலாம் என்று யாராவது வந்தால், முடியாது என்று எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்லுங்கள்.

சாட்சியத்தை மறைப்பதும், ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ அழிப்பதும் தனிக் குற்றங்கள். சங்கங்கள், கம்பெனிகள் பலவற்றில் பார்த்திருக்கிறேன், முதல் நாள் கவனக்குறைவாக இருந்த வழக்கை இரண்டாம் நாள் பயத்தில் இவர்களே மோசடி வழக்காக மாற்றிக்கொள்வார்கள். கவனக்குறைவைக் கேட்கும் நீதிபதிக்குக் கொஞ்சமாவது இரக்கம் வரும். அழித்தவர்களிடம் வராது.

நீங்களும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்று யாரிடம் என்ன கேட்டேன், என்ன முடிவெடுத்தேன், எத்தனை மணிக்கு, ஏன். வங்கியில் இருந்தவர், இந்தப் பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். கலவரமான வாரத்தில் எடுத்த முடிவை அடுத்த நாள் மறப்பது சகஜம்.

வாட்ச்மேன்

அவரை வேலையை விட்டு நிறுத்த வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பொங்கியது, அவருக்குக் கொடுத்திருந்த எண்ணுக்கு போன் செய்தார், அவ்வளவுதான் அவர் செய்தது. கண்ணெதிரே இரண்டு பேர் விழுந்ததைப் பார்த்தவர், இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ அவரே இறங்கியிருக்கலாம். இந்த வகைச் சாவுகளில் அப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். 1986இல் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நியோஷ், மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் விழுந்த இரண்டு தொழிலாளர்களைத் தூக்கப் போய், அந்த வழியே வந்த ஆட்டோ ஓட்டுநர் நௌஷாத் இறந்துபோனார்.

உங்கள் கடிதத்தில் "நாற்றமே பெரிதாக இல்லை என்று வாட்ச்மேன் சொன்னார், அதனால்தான் இறங்க விட்டார்கள்" என்று இருக்கிறது. இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருக்கும்போதுதான் அழுகின முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, இன்னும் கூடினால் சில மூச்சிலேயே நினைவு தப்பும். காற்றைவிடக் கனமான வாயு, அடியில் தங்கும். வாட்ச்மேனுக்கு இது தெரியாது, யாரும் சொல்லித்தரவில்லை. மேலே இருக்கும் பழி கீழே இறங்க இறங்கக் கடைசியில் அவர் தலையில் விழப்போகிறது. அதைத் தடுக்கும் அதிகாரம் இன்றைக்கு உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. சம்பளத்தோடு சில நாள் விடுப்பு கொடுங்கள். போலீஸ் விசாரணைக்குப் போகும்போது நடந்ததை அப்படியே சொல்லச் சொல்லுங்கள், என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் பாடம் எடுக்கக் கூடாது.

அந்த வீட்டுக்குப் போகலாமா?

போகலாம், போக வேண்டும் என்றே சொல்வேன். துக்கம் சொல்வது குற்ற ஒப்புதல் ஆகாது. யார் எதை எப்படிச் செய்தார்கள் என்று விவரித்துப் பொறுப்பேற்கும் பேச்சுதான் சாட்சியத்தில் வரக்கூடும். அதனால் அந்த வீட்டில் நடந்ததை விளக்கப் போகாதீர்கள். விளக்கத்தை எதிர்பார்த்து அவர்கள் உட்கார்ந்திருக்கவும் மாட்டார்கள்.

முதலில் அவர்களுக்கு நம்பிக்கையான ஒருவர் மூலம், தொழிற்சங்கத்துக்காரரோ, தெருவில் பெரியவரோ, வரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் போகாதீர்கள், இன்னொரு நாள் கேட்கலாம். சரி என்றால் நீங்களும் இன்னொரு பெண்ணும் மட்டும் போங்கள். வழக்கறிஞர் வேண்டாம், ஒப்பந்ததாரர் வேண்டாம், கவர் வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம். "உங்க வீட்டுக்காரர் எங்க இடத்துல வேலைக்கு வந்து போயிட்டார்மா. நான்தான் அங்க சங்கத் தலைவி. உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணும்னு வந்தேன். ஆஸ்பத்திரியில இருக்கிற தம்பி செலவை நாங்க பார்த்துக்கிறோம்." இவ்வளவு போதும். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். "விதி" என்று சொல்லாதீர்கள். "அவரா இறங்கினார்" என்று சொல்லாதீர்கள். "எங்களுக்கும் பெரிய கஷ்டம்" என்று தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

திங்கட்கிழமை ஐம்பது பேர் கேட்டில் வந்து நின்றதை "கலவரம் பண்ண வந்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரன் செத்த இடத்தில் வந்து, யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய பதில் பூட்டிய கேட். அடுத்த முறை வந்தால் நீங்களே வெளியே போய் நில்லுங்கள், நாலு பேரை உள்ளே அழைத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேசுங்கள். அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டு டம்ளரில் இருக்கட்டும். ஏன் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

2 லட்சமும் முத்திரைத்தாளும்

வேண்டாம். கவனக்குறைவு மரண வழக்கு இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்ளும் வகை இல்லை, அரசு நடத்தும் வழக்கு. இழப்பீட்டு உரிமையும் அந்தத் தாளால் போய்விடாது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சாவுகளுக்கு 10 லட்சம் என்று நிர்ணயித்தது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உயிர்தப்பி ஊனமானவருக்குக் குறைந்தது 10 லட்சம், நிரந்தர ஊனமாகி வாழ்வாதாரமே போனால் 20 லட்சத்துக்குக் குறையாமல். இதை உறுதிசெய்யும் பொறுப்பு அரசுடையது என்றாலும், தனியார் இடத்தில் நடந்ததால் ஒப்பந்ததாரரிடமும் உங்கள் சங்கத்திடமும் அந்தப் பணத்தைக் கேட்க அதிகாரிகள் முனையலாம். 30 லட்சத்துக்கு உரிமையுள்ள ஒரு விதவையிடம், விவரம் தெரியாத வாரத்தில், 2 லட்சம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது நாளை நீதிமன்றத்தில் எப்படிக் கேட்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

அதற்காகப் பணமே கொடுக்கக்கூடாது என்றில்லை. கமிட்டியில் தீர்மானம் போட்டு, மனைவியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு, உடனடி உதவி என்று தெளிவாக எழுதி, எந்த நிபந்தனையும் இல்லாமல் அனுப்புங்கள். பொதுக்குழுவில் பிறகு ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம். வழக்கிலோ இழப்பீட்டிலோ இது குறுக்கே வராது என்று ஒரு வரி இருக்கட்டும். ஈமச்செலவு, மச்சானின் சிகிச்சை, இந்த மாத வீட்டுச்செலவு, இவை இப்போதே தேவைப்படும் பணம். பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று அந்தப் பெண் அலையப்போகிறார், தாலுகா அலுவலகத்தில் காத்திருக்கப்போகிறார். உதவி வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் உங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற அரசு அலுவலர் ஒருவராவது இருப்பார், அவரை அனுப்புங்கள்.

இருநூறு பேரும் ஒரு வாட்ஸ்அப் குழுவும்

கத்துகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. பாதிப்பேர் பயத்தில் கத்துகிறார்கள், வீட்டு விலை இறங்கிவிடும், போலீஸ் வரும், டிவிக்காரன் வருவான் என்று. சிலர் உண்மையிலேயே உடைந்துபோயிருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்ல முயன்றால் உங்களுக்கு வேறு வேலை ஓடாது. ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், தினமும் மாலை 6 மணி. அன்றைக்குத் தெரிந்தது, தெரியாதது, நாளைக்குச் செய்யப்போவது. அவ்வளவுதான், நடுவில் விவாதம் இல்லை. ஒரு மாதிரி தருகிறேன்:

"ஞாயிறு காலை நம் வளாகத்தில் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய வந்த தொழிலாளர் ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் தீவிர சிகிச்சையில் இருக்கிறார், அவர் நிலையில் இன்று மாற்றம் இல்லை. அவரது சிகிச்சைச் செலவைச் சங்கம் ஏற்கிறது. போலீஸ் விசாரணைக்கு எல்லா ஆவணங்களையும் கொடுத்துவிட்டோம். யாரும் எந்தச் செய்தியையும் பதிவையும் அழிக்க வேண்டாம். எப்படி நடந்தது, யார் பொறுப்பு என்று விசாரணை முடியும் முன் நாம் பேசப்போவதில்லை. ஊழியர்கள் யார் மேலும் நடவடிக்கை இல்லை. நாளை மாலை 6 மணிக்கு மீண்டும் எழுதுகிறேன்."

இறந்தவரின் பெயரை, குடும்பத்துக்குச் சம்மதமானால், அதில் சேருங்கள். உங்கள் கடிதம் முழுக்க அவர் 'அந்த லேபர்' என்றுதான் வருகிறார்.

தெரியாத கேள்வி வந்தால் "தெரியாது, நாளை சொல்கிறேன்" என்று சொல்லி, நாளை கட்டாயம் சொல்லுங்கள். சும்மா "எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்று எழுதிவிட்டு மறுநாள் போலீஸ் ஜீப் உள்ளே வந்தால் அதற்கப்புறம் நீங்கள் எழுதும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள். முடிவுகளைக் குழுவில் எடுக்காதீர்கள், மூன்று பேரோடு உட்கார்ந்து எடுங்கள். அந்த மூவரில் உங்களோடு எப்போதும் ஒத்துப்போகாத ஒருவர் இருக்கட்டும். சத்தம் அதிகம் போடுகிறவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள், தினமும் மருத்துவமனைக்குப் போய் வரும் வேலையையே கொடுக்கலாம். அங்கே வார்டு வாசலில் அந்தக் குடும்பத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தவர் அப்புறம் வீட்டு விலையைப் பற்றிக் கத்துவது கஷ்டம்.

பத்திரிகையாளர்கள் வந்தால் ஒருவர் மட்டும் பேசட்டும், அது நீங்களாக இருக்கட்டும். மேலே உள்ள செய்திதான் பதில், அதற்கு மேல் வேண்டாம்.

ராஜினாமா

மகன் பாசத்தில் சொல்கிறார், அவருக்கு என் பதிலைக் காட்டுங்கள். சம்பவம் நடந்த தேதியில் யார் பொறுப்பில் இருந்தார்கள் என்பதைத்தான் சட்டம் பார்க்கும். இன்று விலகினால் ஞாயிற்றுக்கிழமை அழியாது. நீங்கள் போனால் என்ன நடக்கும் என்று மட்டும் பாருங்கள்: வாட்ஸ்அப் குழு அன்றே கலைக்கப்படும், வாட்ச்மேன் அன்றே போவார், முத்திரைத்தாள் அன்றே வாங்கப்படும். இதற்கெல்லாம் தடையாக நிற்பது இப்போது நீங்கள் ஒருவர்தான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. தலைமைக் குணம் இல்லை என்கிறீர்கள், மூன்று நாளாக வேறு என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?

ஆனால் ஒன்றிலிருந்து விலகத்தான் வேண்டும். கொட்டேஷன் விஷயத்தில் கமிட்டியே சம்பந்தப்பட்டிருப்பதால், உள்விசாரணையைக் கமிட்டி நடத்தக்கூடாது. பொதுக்குழுவைக் கூட்டி, அந்த முடிவில் இல்லாத மூன்று பேரிடம் கொடுங்கள். அவர்கள் உங்களையும் கேள்வி கேட்கட்டும், போய் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். அந்த அறிக்கைக்குப் பிறகு பொதுக்குழு உங்களை விலகச் சொன்னால் விலகுங்கள், அந்த விலகலுக்கு அர்த்தம் இருக்கும்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். தூங்காமல் எடுக்கும் முடிவுகள் தப்பாகத்தான் போகும், இரவு 10 மணிக்கு மேல் போனை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். மூடியைத் திறந்த காட்சி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது சில வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் பின்குறிப்பு. டேங்க் இன்னும் நிறைந்துதான் இருக்கிறது, கீழ்த்தள வீட்டுக்காரர்கள் நெருக்குகிறார்கள், அதே ஒப்பந்ததாரர் "நைட்டோட நைட்டா முடிச்சுத் தர்றேன்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை வளாகத்துக்குள்ளேயே விடாதீர்கள். அது இப்போது விசாரணையில் உள்ள இடம், விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கழிவுநீர் அகற்ற 14420 என்ற உதவி எண் இருக்கிறது, அதில் கேளுங்கள், உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் உரிமம் பெற்ற லாரிகளின் பட்டியல் கேளுங்கள். லாரி வரும் நேரத்தில் நீங்கள் மூடிக்குப் பக்கத்தில் நில்லுங்கள், குழாய் மட்டும்தான் உள்ளே போக வேண்டும். அடைப்பு எடுக்கவில்லை, ஒரே நிமிஷம் இறங்கிப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் வேலையை அப்போதே நிறுத்தி அனுப்பிவிடுங்கள், கீழ்த்தளத்துக்காரர்கள் இன்னும் இரண்டு நாள் மேல்மாடிக் குளியலறைகளைப் பயன்படுத்திக்கொள்ளட்டும். யார் வீட்டில் என்று இன்றைக்கே கேட்டு ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள், முதல் பெயராக உங்கள் வீட்டை எழுதுங்கள்.